ஆறு கட்டத்தில் ஒரு சிரிப்பு

1973 பிப்ரவரி 5, திங்கள்

விடியும்போதே வெயில். காற்று அறவே இல்லை. குழாயில் ஆறரைக்குத் தண்ணீர் வந்து ஏழுக்கு நின்றுவிட்டது. ஒரு அண்டா, இரண்டு வாளி. தலைக்குக் குளிக்கவில்லை.

மதியம் கல்லூரியில் மாணவர்கள் எடுத்த படம் போட்டார்கள். விவரமாக எழுத வேண்டும், கடைசியில் என் தலையில் வந்து விழுந்துவிட்டது.

சினிமா மன்றத்துக்குப் பொறுப்பு நான். ஆங்கில டியூட்டர், அதுவும் தற்காலிகம். ஆசிரியர் கூட்டத்துக்கு அன்று லேட்டாகப் போனது ஒன்றுதான் என் தகுதி. போய் உட்காருவதற்குள் பேரை எழுதிவிட்டார்கள்.

படம் எடுத்தவன் ரவி, பி.ஏ. இரண்டாம் வருஷம். கேமரா பிஸ்வாஸ். அவன் மாமா கப்பலில் வேலை பார்க்கிறார், சிங்கப்பூரிலிருந்து குட்டி கேமரா, புரொஜெக்டர், பிலிம் ஒட்டுகிற சாமான் எல்லாம் ஒரே சூட்கேஸில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நடித்தது நூர்ஜஹான், முதல் வருஷம், அபர்டீன் பஜார் துணிக்கடைக்காரர் மகள். திகில் படமாம். முழுசாக இல்லை, தொடக்கம் மட்டும். ஒரே ஒரு ரீல், மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். நவம்பரில் எடுத்தது. பம்பாய்க்குப் போய்க் கழுவி வர இவ்வளவு நாள். இந்த வகை பிலிமில் நெகட்டிவ் கிடையாதாம். கழுவி வருவதுதான் ஒரே பிரதி. தொலைந்தால் தொலைந்ததுதான்.

பூகோள வகுப்பில் ஜன்னலுக்கெல்லாம் கம்பளி கட்டி இருட்டாக்கினார்கள். எண்பது பேர் இருக்கும். புழுக்கம். கடல் வந்தது, கப்பல் வந்தது, நூர்ஜஹான் தகரப்பெட்டியோடு ரோட்டில் நடந்தாள். எல்லாரும் அமைதி. அடுத்து, பின்னால் வருகிறவனின் கால்கள். வெள்ளை கேன்வாஸ் ஷூ. இடது காலில் சிவப்பு நாடா.

பின்வரிசையில் ஒரு குரல்: "அரே, நம்ம நாயர் சாப்."

அவ்வளவுதான். ஹெட்கிளார்க் நாயரின் ஷூ இந்தத் தீவில் யாருக்குத் தெரியாது. நாயரே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம் எது வந்தாலும் சிரிப்பு. நூர்ஜஹான் திரும்பிப் பார்த்ததற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஓடியதற்கு விசில். ரவி புரொஜெக்டர் பக்கத்தில் பையில் கையை விட்டபடி அசையாமல் நின்றான். கம்பளியை அவிழ்க்கும் முன்னே நூர்ஜஹான் எழுந்து போய்விட்டாள்.

நானும் சிரித்தேன். இதை இங்கே மட்டும்தான் எழுதுகிறேன்.

வராந்தாவில் பிரின்ஸிபால் பிடித்துக்கொண்டார். "மிஸ் சரோஜா, இது திகில் படம் என்று சொன்னார்கள்."

"ஆமாம் சார்."

மெட்ராஸில் ஒரு சினிமா சங்கம் மாணவர்களுக்குப் போட்டி வைத்திருக்கிறது. முழுப்படம் வேண்டாம், தொடக்கக் காட்சி போதும். அதற்கு அனுப்பத்தான் இத்தனை பாடும். பதினாலாம் தேதிக் கப்பலில் போக வேண்டும். பிரின்ஸிபால் சொன்னது: அந்தத் தொடக்கத்தை அலசி, என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எழுத்தில் கொடுங்கள், அடுத்த திங்களுக்குள். அனுப்பத் தகுதி இருந்தால் அனுப்பலாம். இல்லாவிட்டால் மன்றத்தை இத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

வீட்டில் அப்பா: "படம் எப்படி?"

"எல்லாரும் சிரிச்சாங்க."

"அப்ப நல்ல படம்தான்."

"திகில் படம்பா."

அப்பா பேப்பருக்குள் போய்விட்டார். பேப்பர் ஒன்பது நாள் பழசு.

பிப்ரவரி 6, செவ்வாய்

கத்தரிக்காய் சௌல்தாரி கிராமத்திலிருந்து வந்தது, நல்ல பிஞ்சு. அம்மாவுக்குச் சந்தோஷம்.

மூன்றாம் பீரியட் ஓய்வு. ரவி, பிஸ்வாஸ், நான். கம்பளி கட்டிப் படத்தை மூன்று தடவை பார்த்தோம். என் குறிப்பு:

1. கடல். (நீளம். இங்கே யாருக்குக் கடல் புதுசு?)
2. சாத்தம் ஜெட்டி. கப்பல் வருகிறது.
3. தகரப்பெட்டி. ஒரு கை தூக்குகிறது. (வளையல் அழகு. கை மட்டும் தெரிவது நன்றாக இருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை.)
4. நூர். தென்னை ரோட்டில் நடக்கிறாள்.
5. கால்கள்.
6. நூர். திரும்பிப் பார்க்கிறாள்.
7. கால்கள், இன்னும் கிட்டத்தில்.
8. ஓடுகிறாள்.
9. பெட்டி ரோட்டில் திறந்து கிடக்கிறது. காலி.
10. மணலில் கேள்விக்குறி. அலை வந்து பாதியை அழிக்கிறது. (படத்துக்குப் பேர் இன்னும் வைக்கவில்லையாம். அதனால் கேள்விக்குறி.)

"ஷூ ஒண்ணுதான் மேடம் பிரச்சினை," என்றான் ரவி. "வேற ஷூவா இருந்தா யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்க."

இருக்கலாம். ஆனால் ஷூ வந்தபோது வந்த சிரிப்பு ஒன்று, அவள் திரும்பியபோது வந்தது வேறொன்று. இரண்டாவது பெரியது. அங்கே ஷூவே இல்லையே. கேட்டேன். ரவி ரீலை மறுபடி முதலுக்குச் சுற்றினான்.

நாலாவது தடவை போட்டபோது டப் என்று ஒரு சத்தம். பிஸ்வாஸ் மூடியைத் திறந்து பார்த்தான். "மேடம்ஜி, பல்ப் கயா." கருகிப்போயிருந்தது.

பஜாரில் இரண்டு கடை கேட்டாயிற்று. கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார்கள். மெயின்லேண்டிலிருந்துதான் வரணும். ரவியின் அண்ணன் மெட்ராஸில் படிக்கிறான். ரவி அவனுக்குத் தந்தி அடித்துவிட்டு வந்தான். கப்பல் அங்கே கிளம்பி இங்கே வர திங்கள் ஆகும். அதே திங்கள்தான் என் கெடுவும்.

பிப்ரவரி 7, புதன்

வெயில். ரவிக்கைக்கு லைனிங் வாங்க வேண்டும், மூன்று வாரமாக மறக்கிறேன்.

நூர்ஜஹான் இன்றும் வரவில்லை.

முதல் பீரியடில் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது தோன்றியது. பல்ப் இல்லை, ஆனால் பிலிம் இருக்கிறதே. வெளிச்சத்தில் பிடித்தால் பொட்டுப் பொட்டாகப் படம் தெரிகிறது. ஒவ்வொரு கட்டமும் விரல் நகத்தில் பாதி கூட இல்லை. பெரிதாக்கிப் பார்க்க என்ன இருக்கிறது? பாட்டனி லேபில் மைக்ராஸ்கோப்.

பிலோமினா மிஸ் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர், லேபுக்கு ராணி. "அது இலை பார்க்கிற சாதனமாக்கும் சரோஜா."

"இதுவும் இலை மாதிரிதான். பச்சையா தென்னை மரம் தெரியுது பாருங்க."

சனிக்கிழமை அவருடைய பரீட்சை மேற்பார்வையை நான் பார்ப்பது என்று பேச்சு. சரி என்றேன்.

ஜன்னலோர மேஜை. ரவியின் ரீலைத் துணிக் கையுறை போட்டுக்கொண்டு மெல்ல மெல்ல நகர்த்தினேன். என்ன ஆச்சரியம். ஓடும்போது தெரியாததெல்லாம் நிற்கும்போது தெரிகிறது. ஜெட்டியில் ஒரு ஆள் கொட்டாவி விடுகிறான், பதினோரு கட்டம். தென்னை ரோட்டில் ஒரு கோழி.

அப்புறம் ஆறாவது ஷாட். நூர்ஜஹான் திரும்புகிறாள். கண் பெரிதாகிறது. நன்றாகத்தான் நடித்திருக்கிறாள், நிஜமான பயம். கட்டம் கட்டமாக அதே முகம். கடைசியில், ஷாட் முடிவதற்குச் சற்று முன், உதடு ஒரு ஓரமாகப் போகிறது. அடுத்ததில் பல். அதற்கடுத்து முழுச் சிரிப்பு. எண்ணினேன். ஆறு கட்டம். பிஸ்வாஸ் கணக்குப்படி ஒரு வினாடிக்குப் பதினெட்டு. அப்படியென்றால் கண் சிமிட்டுகிற நேரம். மூன்று தடவை பார்த்தும் எங்களுக்குத் தெரியவில்லை. எண்பது பேரில் ஒருவரும் "அவள் சிரிக்கிறாள்" என்று சொல்லவில்லை. ஆனால் அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள், தெரியாமலே. பயப்பட வேண்டியவள் சிரித்தால் நமக்கென்ன, நாமும் சிரிப்போம்.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் தனியாக உட்கார்ந்து மேஜையைத் தட்டினேன். ஐந்து நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. இதை ரிப்போர்ட்டில் எழுதினால் பழி முழுக்க அந்தப் பெண் மேல்.

யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

அக்கா கடிதம், கார் நிக்கோபாரிலிருந்து. அத்தானுக்கு இருமல் பரவாயில்லை. சின்னவன் நடக்கிறானாம். என் கல்யாணம் பற்றி ஒரு பாரா, வழக்கம் போல.

சாயங்காலம் பஜார். லைனிங் துணி ஒரு சாக்கு. நூர்ஜஹானின் வாப்பாதான் கல்லாவில். கீழக்கரைக்காரர், மெலிந்த உடம்பு, நிதானமான பேச்சு.

"வாங்க டீச்சர். என்ன வேணும்?"

"வெள்ளை லைனிங், ஒரு மீட்டர்." அவர் அளந்துகொண்டிருக்கும்போது, "நூர்ஜஹானைக் காணோமே மூணு நாளா," என்றேன்.

"தலவலிங்குது." கத்திரி துணியில் பாதியில் நின்றது. "எம்பது பேரு சிரிச்சாங்களாமே."

"அவளைப் பார்த்து இல்லைங்க. நாயர் ஷூவைப் பார்த்து."

"புள்ள அப்படிச் சொல்லல. என்னைப் பார்த்துதான் சிரிச்சாங்க வாப்பான்னுச்சு." மீதியை வெட்டி மடித்தார். "நடிக்கட்டான்னு கேட்டப்ப அவ உம்மா வேணாம்னா. நான்தான் இருக்கட்டும்னேன். படிக்கிற எடத்துல நாலும் கத்துக்கட்டும்னு. இப்ப வீட்டுல ரெண்டு பேருக்கும் நான்ல பதில் சொல்லணும்."

நானும் சிரித்தவர்களில் ஒருத்தி. அதைச் சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. "நீங்க ஒரு தடவை படத்தைப் பார்க்கணும்," என்று மட்டும் சொன்னேன்.

"எங்க பார்க்கறது? பல்பு போயிருச்சாமே."

இந்த ஊரில் எதுதான் யாருக்குத் தெரியாது.

கிளம்பும்போது கூப்பிட்டார். "டீச்சர். சிரிச்சதோட விட்டுட்டா அது சிரிச்ச படமாவே நின்னுரும். ஊருல அவ பேரும் அதுவாவே நின்னுரும். நாளைக்கு அனுப்புறேன். அதச் சரி பண்ணுங்க. சரி பண்ணின பொறவு நான் பார்க்கணும்."

ஏதோ நானே படம் எடுப்பவள் மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். லைனிங்கைக் கடையிலேயே வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

நூர்ஜஹான் வந்தாள். கையில் என் லைனிங் பொட்டலம்.

லேபில் நாலு பேர். அவளை ஆறாவது ஷாட் பக்கம் போகவிடாமல் பெட்டி, ஜெட்டி என்று காட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பொய் சொல்ல வராது. ரவியோடு பேசத் திரும்பியபோது அவளே பிலிமை நகர்த்திவிட்டாள். ரொம்ப நேரம் தலை தூக்கவில்லை.

"மேடம்," என்றாள், கண்ணை எடுக்காமல். "நான் சிரிச்சிருக்கேன்."

அவள் விலக, ரவி ஓடி வந்து பார்த்தான். பிஸ்வாஸும். அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். "அப்ப இவருக்குக் காலில எறும்பு கடிச்சு குதிச்சாரு," என்று ரவியைக் காட்டினாள். "அதப் பார்த்துதான்." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கும். நாலு நாள் இறுக்கம் அந்த மேஜையில் போயிற்று. "ஆறுதானே மேடம். வெட்டிடலாமே." அவளே கேட்டாள்.

அது சுலபமாக முடிந்தது. கால்கள் பற்றிய பேச்சுதான் சண்டையில் முடிந்தது.

நான் சொன்னது, நினைவிருக்கிறவரை: திகில் படத்தில் பின்னால் வருகிறவன் அந்நியனாக இருக்க வேண்டும். இங்கே அந்நியன் யார்? கப்பலிலிருந்து ஒருத்தன் இறங்கினால் ஜெட்டி தாண்டுவதற்குள் அவன் எந்த ஆபீஸ், யார் வீட்டு மாப்பிள்ளை என்று தெரிந்துவிடும். எந்த ஷூ போட்டாலும் "இது இன்னார்" என்பார்கள். அதனால் ஷூவை மாற்றுவதில் பிரயோஜனமில்லை. கால்களே வேண்டாம்.

பிஸ்வாஸ் தலையாட்டினான். "சஹி பாத். இங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்."

ரவி முகம் மாறிவிட்டது. "கால்தான் மேடம் படமே. ரெண்டு மணி நேரம் ரோட்ல குப்புறப் படுத்து எடுத்தது. மிச்சம் எல்லாம் பிஸ்வாஸ் எடுத்தான், அது ஒண்ணுதான் நான் எடுத்தேன்."

"கஷ்டப்பட்டது தெரியுது ரவி. பார்க்கிறவனுக்கு அது தெரிய வேண்டாமே."

சொல்லியிருக்கக் கூடாது. ரீலைப் பிஸ்கட் டின்னில் வைத்து மூடினான். "உங்க ரிப்போர்ட்ல எழுதிக்குங்க மேடம். என் படத்துல கை வைக்க வேணாம்." டின்னோடு போய்விட்டான்.

பிப்ரவரி 10, சனி

காலை மேற்பார்வை, பிலோமினா மிஸ்ஸுக்காக. மூன்று மணி நேரம் வேர்களும் தண்டுகளும். ஒரு பையன் என்னிடமே "ஜைலம்" ஸ்பெல்லிங் கேட்டான். தெரியாது என்றேன், நிஜமாகவே.

மத்தியானம் ரிப்போர்ட். ஒரு வரி எழுதுவது, அடிப்பது. "இத்தொடக்கத்தின் குறைகள்" என்று ஆரம்பித்தால் குறைகள் வரிசையாக வருகின்றன. அதைப் படித்தால் மன்றத்தை மூடத்தான் தோன்றும். நல்லது எதுவும் இல்லையா? இருக்கிறது. அந்தக் கை. காலியான பெட்டி. அவள் முகம்.

அம்மா முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். சும்மா கேட்டேன்: "அம்மா, உனக்கு எப்பவாவது ரொம்பப் பயமா இருந்திருக்கா?"

"கப்பல்ல," என்றாள் உடனே. "முதல் தடவை இங்க வந்தப்போ. நீ மடியில. உங்கப்பா டீ வாங்கிட்டு வரேன்னு போனவர் திரும்பி வரலை. அந்தப் படிக்கட்டையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன். ஏறி வர்றவங்க எல்லாம் வேற யாரோ. அப்புறம் அவங்களும் இல்லை."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணிதான். பேசிட்டு நின்னிருக்கார்." கல் ஒன்றை எடுத்து எறிந்தாள். "கப்பல் ஆடுச்சு, புயல் மாதிரி, அதுக்கெல்லாம் பயப்படலை. கண்ணால பார்த்தா என்ன பயம்? அந்தக் காலிப் படிக்கட்டு இருக்கு பாரு."

உள்ளே வந்து இதை எழுதிவைத்துக்கொண்டேன். அப்பா உள்ளேயிருந்து, "அந்த டீ ஆறிப்போச்சு, அதையும் சொல்லு," என்றார்.

பிப்ரவரி 11, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன், கடைசியில்.

பத்து மணிக்கு எங்கள் டெய்ரி ஃபார்ம் மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரவி. வாசலில் டின்னோடு நின்றான். அம்மா உள்ளே கூப்பிட்டு இட்லி வைத்தாள். நாலு சாப்பிட்டுவிட்டுத்தான் பேசினான்.

"நேத்து அந்த தென்னை ரோட்டுக்குத் தனியாப் போனேன் மேடம். உச்சி வெயில்ல, ஒரு பெட்டியைத் தூக்கிட்டு. யாராவது பின்னாடி வந்தா எப்படி இருக்கும்னு பார்க்க." சட்டினியை வழித்தான். "ஒருத்தர் வந்தார். நம்ம போஸ்ட்மேன். கொஞ்சம் பயமும் இல்ல, நின்னு பேசினேன். அவர் போன பிறகு ரோட்ல யாருமே இல்ல. அப்பத்தான் மேடம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். அவனே வந்து சேர்ந்த இடம், இதில் நான் வேறு பேச என்ன இருக்கிறது.

"வெள்ளிக்கிழமை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்று மட்டும் சொன்னேன்.

"எறும்புக் கடி இன்னும் அரிக்குது மேடம். அதான் கோவம்."

லேபுக்குச் சாவி நாயர் வீட்டில். நாயரே வந்து திறந்தார். விஷயம் கேட்டதும் முகவாயைத் தடவினார். "அப்ப என்டெ கால் போகும். போட்டும். பக்ஷே எனக்கொரு சம்சயம். நவம்பர்ல மூணு நாள் என் ஷூ காணாம போச்சு. நான் நாய் கொண்டுபோச்சுன்னு நினைச்சேன். எடுத்தது ஆர்?"

ரவி கையைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். நாயர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நாய் தேவலை. கேட்காமல் எடுத்தாலும் நாடாவை மாத்தியிருக்காது." பழைய நாடாவை அறுத்துவிட்டு இவன் கட்டியதுதானாம் அந்தச் சிவப்பு நாடா. நாயர் அதையே இத்தனை நாளும் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்.

பதினொன்று முதல் மூன்று வரை வேலை. பிஸ்வாஸும் நூர்ஜஹானும் வந்தார்கள். வரிசையை மாற்றினோம். திறந்து கிடக்கும் காலிப்பெட்டி முதலில். அப்புறம் கப்பல், பெட்டியைத் தூக்கும் கை, நடப்பது. பெட்டிக்கு என்ன ஆகப்போகிறது என்று பார்க்கிறவனுக்கு முதலிலேயே தெரியும். அவளுக்குத் தெரியாது. அவள் பாட்டுக்கு வளையல் குலுங்கத் தூக்கிக்கொண்டு போகிறாள். இது ரவியின் யோசனை, என்னுடையது அல்ல. இரண்டே நாளில் என்னைத் தாண்டிவிட்டான். கடலை எடுத்தோம். கால்கள் இரண்டு துண்டும் போயின. ரவி அவற்றைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ஆறு கட்டத்தை நூர்ஜஹான்தான் வெட்டினாள். மைக்ராஸ்கோப்பில் பார்த்து, குண்டூசியால் கோடு போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு. ஒரே பிரதி. தவறினால் அந்த முகம் போயிற்று. கத்திரி டிக் என்றது. ஐந்து கட்டம் வந்தது. இன்னொன்று பாக்கி. மறுபடி கோடு, மறுபடி டிக். பிஸ்வாஸ் ஒட்டினான். முதலில் கோணலாகப் போய்த் துளைகள் பொருந்தவில்லை. உரித்து, ஊதி, மறுபடி ஒட்டினான்.

ஓட்டிப் பார்க்க வழியில்லை. சரியா தப்பா, பல்ப் வந்தால்தான் தெரியும்.

பிப்ரவரி 12, திங்கள்

கப்பல் வந்தது. மதியமே. ரவி அண்ணன் பல்பை இரண்டு காலுறைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறான். உடையவில்லை.

பிரின்ஸிபால்: "ரிப்போர்ட்?"

"நாளைக்கு ஒரு தடவை படத்தைப் போடுகிறோம் சார். பார்த்துவிட்டு எழுதுகிறேன்."

"போன வாரம் பார்த்தோமே."

"இது வேறு படம் சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தைரியமாகப் பேசிவிட்டு வந்தேனே தவிர, வராந்தாவுக்கு வந்ததும்தான் நினைவு வந்தது. ஜூனில் என் ஆர்டரைப் புதுப்பிக்கக் கையெழுத்து இவருடையது.

முட்டைக்கோஸ் பொரியல். மீதி இல்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

நூற்றுக்கு மேல் கூட்டம். சிரிக்கத்தான் வந்திருந்தார்கள். சிலர் நாயரைப் பார்த்து "தயாரா சாப்?" என்று கேட்டார்கள். கதவோரம் கடைசி பெஞ்சில் நூர்ஜஹானின் வாப்பா, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மடியில் தொப்பி. நூர்ஜஹான் புரொஜெக்டர் பக்கத்தில் நின்றாள்.

பெட்டி வந்தது. வெறும் ரோட்டில், திறந்து, காலியாக. பின்வரிசையில் யாரோ "ஷூ எங்கே?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். கப்பல். கை. வளையல். அவள் நடக்க நடக்க அந்தச் சிரிப்பு தானாக வற்றிவிட்டது. புரொஜெக்டர் சத்தம் மட்டும். ஒட்டின இடம் வருகிறதே, பிய்ந்துவிடுமோ என்று ரீலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

அவள் திரும்பினாள். நேராக எங்களைப் பார்த்தாள். கண் பெரிதானது. வேறு ஒன்றும் இல்லை, அந்த முகம் அப்படியே. ஓடினாள்.

முன்வரிசையில் ஏழெட்டுப் பேர் திரும்பி முதுகுக்குப் பின்னால் பார்த்தார்கள். அதில் பிரின்ஸிபாலும் ஒருவர். நான் என் கண்ணால் பார்த்தேன்.

கேள்விக்குறி, அலை, வெள்ளைத்திரை. அப்புறம் கைதட்டல், அதுவும் பாதி வெட்கத்தோடு. ஷூ எங்கே என்று கேட்டவன்தான் முதலில் தட்டினான்.

நூர்ஜஹானின் வாப்பா எழுந்து மெல்ல வந்தார். மகளிடம், "யாரும்மா பின்னால வந்தது?"

"தெரியாது வாப்பா."

"தெரியாமலா அந்த ஓட்டம் ஓடுன?" தொப்பியைப் போட்டுக்கொண்டார். என் பக்கம் திரும்பி, "அவ உம்மாவையும் கூட்டிட்டு வந்திருக்கலாம் டீச்சர். இன்னொரு தடவை போடுவீகளா?"

சாயங்காலம் இன்னொரு தடவை போட்டோம், உம்மாவுக்கும் இரண்டு தங்கைகளுக்கும். உம்மா ஓடுகிற இடத்தில் "பாத்து, பாத்து" என்றார் திரையிடம்.

ரிப்போர்ட் ஒரே பக்கம், ஒரே மூச்சில். என்ன பயமுறுத்துகிறது, எதைக் காட்டவில்லை, அதனால் என்ன நடக்கிறது. வெட்டியது யார், எதை வெட்டினாள் என்பது எழுதவில்லை. பிரின்ஸிபால் படித்துக் கையெழுத்திட்டார். "இதற்கப்புறம் கதையில் என்ன நடக்கிறது?"

"அவர்களுக்கே தெரியாது சார்."

"தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்," என்றார். "மன்றம் இருக்கட்டும்."

பிப்ரவரி 14, புதன்

லேசான காற்று. கடல் தட்டையாக.

இரண்டு மணிக்கு ஜெட்டி. ரவியின் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் மெட்ராஸ் போகிறார். ரீலை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, பஞ்சு அடைத்து, துணி தைத்துக் கொடுத்தோம். "வெயில்ல வைக்காதீங்க," என்று நாலு பேரும் தனித்தனியாக அவரிடம் சொன்னோம். மனுஷர் பயந்துபோய் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

பரிசு கிடைக்குமா? கிடைக்காது என்றே நினைக்கிறேன். மெட்ராஸ் பையன்களிடம் நல்ல கேமரா, பேசும் படம் எல்லாம் இருக்கும். ரவியிடம் சொன்னேன். "தெரியும் மேடம்," என்றான், அடுத்த கதையை ஒரு சிகரெட் அட்டையின் பின்புறத்தில் எழுதியபடி.

கப்பல் நகர்ந்தது. கூட்டம் கலைந்தது. நூர்ஜஹான் என் பக்கத்தில் வந்து நின்றாள். தோளில் பிஸ்வாஸின் கேமரா.

"மேடம், அடுத்ததுல நான் நடிக்கலை."

"ஏன்? வாப்பா ஏதாவது சொன்னாரா?"

"இல்லை. நான் கேமரா பிடிக்கப்போறேன். பிஸ்வாஸ் சொல்லித்தர்றேன்னு சொல்லிட்டார்." கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டாள். "கொஞ்சம் நடங்க மேடம். அந்த விளக்குக் கம்பம் வரைக்கும்."

"பிலிம் இருக்கா உள்ளே?"

"இல்லை. பழகிக்கிறேன்."

ஜெட்டியில் கூலிக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நடந்தேன். பாதியில் பின்னாலிருந்து குரல்:

"என் கை ரொம்ப ஆடுது மேடம். திரும்பி வாங்க. முதல்லேருந்து."

திரும்பிப் போய் முதலிலிருந்து நடந்தேன். மொத்தம் ஐந்து தடவை.